தண்ணீருக்கு முழங்கால்

அளவுகோலைப் பிடித்தவன் நான்.
கருவிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை மூடி நின்றவன் வர்லாம்.
சுவானெட்டி மலையில் பனி கரைந்து
பசுக்கள் கொட்டிலைவிட்டு வெளியே வந்திருந்த மே மாதம்.
கீழே அணை வரப்போகிறது.
தண்ணீர் எதுவரை ஏறும் என்று
பாறையிலும் மரத்திலும் சிவப்புக் கோடு இழுக்கப் போனோம்.

கோட்டுக்குக் கீழே விழும் வீட்டுக்குப் பணம்.
மேலே நிற்கும் வீட்டுக்கு வீடு மட்டும்.

இவ்தித்தின் வீடு கீழே,
ஆற்றின் இரைச்சலில் அலமாரித் தட்டுகள் நடுங்கும் இடத்தில்.
புருஷன் இல்லை. இரண்டு பசு.
முஷ்னியின் வீடு மேலே, நான்கடுக்குக் கற்கோபுரத்தோடு.
நடுவில் ஒரு வால்நட் மரம்,
காய் யாருக்கு என்று பத்து வருட வழக்கு.

அன்றிரவு முஷ்னி ஆடு அறுத்தான்.
வர்லாமுக்கு ஒரு கட்டு நோட்டு.
எனக்கு ஒரு புட்டி சாச்சா,
ஈரத்துணியில் சுற்றிய பாலாடைக்கட்டி.
விடிந்ததும் கோடு
அவன் கோபுரத்தின் தலைக்கு மேலே ஏறி,
வால்நட் மரத்தடியில் மடங்கி,
அவள் வாசற்படிக்குக் கீழே இறங்கியது.
தண்ணீருக்கு முழங்கால் வைத்து வரைந்தோம்.

இவ்தித் என்னைத்தான் கேட்டாள், வர்லாமை அல்ல:
"நீ எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தாய்?"

கோயிலுக்கு இழுத்தாள் அவனை.
கட்சிக்கொடி பறந்த காலம்தான்,
ஆனாலும் மலையில் கடைசித் தீர்ப்பு
படத்தின் முன்னால்.
குதிரைமேல் ஈட்டியோடு, வெள்ளி கறுத்த புனித கியோர்கி.
முஷ்னி உள்ளங்கையைப் படத்தின்மேல் வைத்தான்.
"தண்ணீர் என் வீட்டு உயரத்துக்கு வரும்.
பொய்யென்றால் அந்த வீடு எனக்கில்லை."
புனிதர் ஒன்றும் சொல்லவில்லை.
குதிரைகூடத் தலையாட்டவில்லை.

இலையுதிரும் மாதத்தில் பணம் வந்தது,
சேமிப்பு வங்கியில் போட்டான்.
பணத்தின் பின்னாலேயே புல்டோசரும் வந்தது.
"மூழ்கும் வீட்டை முன்னதாக இடிக்க வேண்டும்,
உத்தரம் மிதந்து வந்து அணைக்கதவில் சிக்கக் கூடாது"
என்றார் புது அதிகாரி.
குடிக்காதவர். வயிற்றுப்புண், ஆட்டிறைச்சியும் ஆகாது.
"இங்கே தண்ணீர் வராது! குழந்தைக்கும் தெரியும், வராது!"
என்று முஷ்னி கத்தினான்.
அவன் கையெழுத்தை அவனுக்கே காட்டினார் அதிகாரி.
கோபுரம் விழ இரண்டு நாளாயிற்று.

பிறகு நாடே உடைந்தது.
அணை, கணுக்கால் உயரக் கான்கிரீட்டோடு நின்றுபோனது.
வங்கியில் கிடந்த ரூபிளுக்கு
ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கிடைத்தது.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள்.
இங்கே அது கொல்லவில்லை.
அவன் சொன்னதைச் சொன்னபடியே ஒப்புக்கொண்டது,
அவ்வளவுதான்.

போன வருடம் அந்தப் பக்கம் போயிருந்தேன்.
இவ்தித்தின் கூரையில் புகை. முற்றத்தில் வால்நட் காய்ந்தது.
கொட்டில் பரணில் முஷ்னிக்குப் படுக்கை.
அவள் வாடகை கேட்பதில்லை. பேசுவதும் இல்லை.
மேலே, இடிந்த கல்லுக்கு நடுவே
உருளைக்கிழங்கு போட்டிருக்கிறான்.
ஊற்று வாய்க்காலை அன்றே புல்டோசர் நசுக்கிவிட்டதால்
ஆற்றில் மொண்டு,
கைக்கொரு வாளியாக,
முழங்காலை ஊன்றி ஊன்றி ஏறுகிறான்,
ஒரு நாளைக்குப் பதினோரு நடை.
நாங்கள் கோடு போட்ட உயரத்துக்குத்
தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

வர்லாம் செத்துப்போனான். தூக்கத்தில், நல்ல சாவு.
எனக்கு இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.
மகளுக்கு ஒரு மனை வாங்கியிருக்கிறேன்,
பக்கத்து நிலத்துக்காரன் பசையுள்ளவன்.
அளந்து தர ஒரு நேர்மையான ஆளைத் தேடுகிறேன்,
நான்கு மாதமாக.